மச்சு வீடா, அடுக்குமாடியா, புதுப்பாணி முற்றமா?

திருவல்லிக்கேணியில் எங்கள் குடும்பத்துக்கு உள்ள வீடு 18 அடி முகப்பும் 110 அடி நீளமும் கொண்டது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அதன் பின் சமையற்கட்டு, கிணறு, கொல்லை என்று ஒரே நேர்க்கோட்டில் போகும். வாசற்படியில் நின்றால் கொல்லைக் கதவு தெரியும். அப்பா காலமான பிறகு, ஏரிகள் வற்றி ஊரே குடத்தோடு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற 2019ஆம் ஆண்டுக் கோடையில், இந்த வீட்டை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தது. மூன்று வழிகள் இருந்தன. பழைய மச்சை, அதாவது தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கூரையை, அப்படியே வைத்துப் பழுது பார்ப்பது ஒன்று. பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து இரண்டு மனையையும் பில்டரிடம் ஒப்படைத்து, பாதிக்குப் பாதி என்ற கணக்கில் ஃபிளாட் வாங்கிக்கொள்வது இரண்டாவது. முழுதாக இடித்துவிட்டு, அதே மனையில் கான்கிரீட்டில், நடுவில் முற்றம் வைத்துப் புது வீடு கட்டுவது மூன்றாவது. நாங்கள் முதல் வழியை எடுத்தோம். வீட்டில் இப்போதும் குடியிருப்பவன் எழுதுவதால், இதில் சார்பு இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றைச் சீக்கிரம் கடந்துவிடலாம். பழைய மச்சின் கீழ் சித்திரை வெயிலிலும் வெக்கை குறைவு. கார் நிறுத்த இடம் கிடையாது. ஃபிளாட்டில் லிஃப்ட் உண்டு, காவலாளி உண்டு, பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகலாம். புது வீட்டில் குளியலறைகள் வேண்டிய இடத்தில் அமையும். விற்கப் போனால் பழைய வீட்டுக்கு மனை விலைதான். கட்டடத்துக்கு ஒரு ரூபாயும் மதிப்புப் போட மாட்டார்கள். நாங்கள் கடனுக்கு அணுகிய வங்கி ஒன்று, சுண்ணாம்புக் கட்டடம் என்று தெரிந்ததும் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டது. கையில் சேமிப்பு இல்லாதவர்களுக்கு முதல் வழி தொடக்கத்திலேயே அடைபட்டுப்போகும் என்பதை இங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

குறுகிய முகப்பு, நீண்ட உடல், இரு பக்கமும் பொதுச் சுவர், நடுவில் வானத்துக்குத் திறந்த ஓர் இடம் என்ற இந்த அமைப்பு நமக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் கியோட்டோ நகரத்து வணிகர்களின் பழைய மர வீடுகளுக்கு ‘மச்சியா’ என்று பெயர் (நம் மச்சுக்கும் அதற்கும் உள்ள ஒலி ஒற்றுமை தற்செயலானதுதான்). ஒடுங்கி நீண்டு கிடப்பதால் அவற்றை ‘விலாங்கு மீனின் படுக்கை’ என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு. அதன் நடுவே கைக்குட்டை அளவில் ஒரு தோட்டம் இருக்கும். சிங்கப்பூர்க் கடைவீடுகளில் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஒரு திறப்பு உள்ளே உண்டு. 1822ஆம் ஆண்டு ஆங்கிலேய ஆட்சியாளர் ராஃபிள்ஸ் வகுத்த நகர ஒழுங்கின்படி அவற்றின் முகப்பில் வழிப்போக்கர் நடக்க மூடிய நடைபாதை விட வேண்டியிருந்தது, அதை இன்றும் ‘ஐந்தடி வழி’ என்கிறார்கள். அகமதாபாத் பழைய நகரத்துப் ‘போள்’ என்னும் நெருக்கமான குடியிருப்புகளின் வீடுகளில் நடு முற்றத்தின் அடியில் மழைநீரைச் சேமிக்கும் ‘டாங்கா’ என்ற தொட்டி இருக்கிறது. எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டு நம் அரசு கட்டாயப்படுத்தியபோது, எங்கள் முற்றத்து நீரைக் கிணற்றுக்குத் திருப்ப ஒரே ஒரு குழாய்தான் தேவைப்பட்டது.

இனி, எங்கள் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். அது பராமரிப்பு. பழைய வீட்டுக்குப் பராமரிப்பு அதிகம், கான்கிரீட்டுக்குக் குறைவு என்பதே பொதுவான எண்ணம். முதல் இருபது ஆண்டுகளுக்கு அது உண்மைதான். அதற்குப் பிறகு கணக்கு தலைகீழாக மாறுகிறது என்பதை என் சித்தியின் ஃபிளாட்டில் கண்ணால் பார்த்தேன்.

முதலில் மச்சு எப்படிக் கட்டப்பட்டது என்று சொல்ல வேண்டும். பொறியாளர்கள் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று அழைக்கும் கூரை அது. ஓரடி, ஒன்றரையடி இடைவெளியில் தேக்குக் கட்டைகளைச் சுவருக்குச் சுவர் போட்டு, அவற்றின் மேல் கைக்கு அடக்கமான மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் தோய்த்து, மூலையிலிருந்து மூலைக்குச் சாய்வாக, நெட்டுக்குத்தாக நிறுத்தி ஒட்டிக்கொண்டே போவார்கள். ஒரு வரிசை அடுத்த வரிசையைப் பிடித்துக்கொள்வதால் அடியில் சென்டரிங் தேவையில்லை. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். அதை மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். அதற்கும் மேல் தட்டோடு என்னும் தட்டையான ஓடு. காரையில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் சேரும். முழுக் கூரையிலும் ஓர் இரும்புக் கம்பி கிடையாது.

இந்தக் கூரையின் பலவீனம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: கட்டையின் முனை சுவருக்குள் செருகியிருக்கும் இடம். மேலே தட்டோட்டின் சந்து விட்டுப்போய் மழைநீர் சுவருக்குள் இறங்கினால், அந்த முனை ஊறி உளுத்துப்போகும். எங்கள் வீட்டுக்கு வந்த மேஸ்திரி, அறுபது வயதைக் கடந்தவர், ஏணியில் ஏறி ஒவ்வொரு கட்டையையும் சுத்தியலின் பின்பக்கத்தால் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டே போனார். முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், நான்காவது கட்டையில் நின்றார். “இதுல சத்தம் மாறுது சார், வாய் உளுத்திருக்கும்” என்றார். ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தியதும் அது இரண்டு அங்குலம், ரொட்டியில் இறங்குவதுபோல் உள்ளே போயிற்று. மொத்தம் 31 கட்டைகளில் மூன்று மட்டுமே அப்படி இருந்தன. இரும்பு முட்டுகளைக் கொடுத்துக் கூரையைத் தாங்கிக்கொண்டு, உளுத்த பாகத்தை அறுத்தெடுத்து, எங்கோ இடித்த வீட்டிலிருந்து வாங்கிய பழந்தேக்கைப் பக்கத்தில் வைத்து போல்ட் போட்டு இணைத்தார்கள். மற்ற 28 கட்டைகளையும் யாரும் தொடவில்லை. அடுத்த அறையில் அம்மா வழக்கம்போல் மத்தியானம் படுத்துத் தூங்கினார்.

கெட்டுப்போன பாகத்தை மட்டும் கழற்றி மாற்ற முடிகிறது என்பதே இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது. கியோட்டோவின் மச்சியாக்களிலும் இதே முறைதான். கல்லின் மேல் நிற்கும் தூணின் அடி மட்கிப்போனால், அந்த அடியை மட்டும் வெட்டியெடுத்து, புது மரத்தைப் பூட்டுப்போல் செதுக்கி ஒட்டுப்போடும் தச்சுவேலை ஒன்று அங்கே உண்டு. மொராக்கோவில் மராக்கேஷ் நகரத்து ‘ரியாத்’ என்னும் முற்றத்து வீடுகளில் முற்றத்துச் சுவர்களுக்கும் குளியலறைக்கும் பூசப்படும் ‘தடெலக்த்’ என்பதும் சுண்ணாம்புப் பூச்சுதான். கூழாங்கல்லால் தேய்த்து, சோப்பு ஊட்டி மெருகேற்றப்படுவது. நம் செட்டிநாட்டுப் பூச்சைப் பார்த்தவர்களுக்கு அந்த மினுமினுப்பு புதிதாகத் தோன்றாது.

கான்கிரீட் வேறு விதமானது. கம்பியைச் சுற்றியுள்ள கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. கடற்காற்றின் உப்பும், காலப்போக்கில் உள்ளே இறங்கும் கரியமில வாயுவும் அந்தக் காப்பை மெல்லக் கெடுத்துவிடும். துரு, அது தோன்றிய இரும்பைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைப்பதால், கம்பி உப்பிக் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் திருவான்மியூரில், 1994இல் கட்டிய தொகுப்பில் சித்தியின் ஃபிளாட் இருக்கிறது. 24 ஆண்டுகள் ஒரு செலவும் வைக்காத கூரை அது. 2018ஆம் ஆண்டு ஒரு விடியற்காலையில் படுக்கையறைக் கூரையிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பாளம் காலியாக இருந்த கட்டிலின் மேல் விழுந்தது. மேலே பார்த்தால் இலை இலையாக உரியும் கம்பி. வந்து பார்த்த பொறியாளர், ஓர் அறையில் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, எல்லாத் தளங்களிலும் இதே நிலைதான் என்றார். 12 வீட்டுக்காரர்களில் இரண்டு பேர் வெளிநாட்டில், ஒருவர் வாடகைக்கு விட்டவர், ஒருவருக்குத் தன் கூரை நன்றாகத்தான் இருக்கிறது என்ற உறுதி. ஐந்து ஆண்டுகள் கூட்டம் போட்டே போயின. 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் இடித்துக் கட்டலாம் என்பதால், இப்போது அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. சித்திக்கு வயது 74.

திருவல்லிக்கேணியும் கடலை ஒட்டியதே. எங்கள் வீட்டில் மின்விசிறிக் கொக்கியும் ஜன்னல் கம்பியும் துருப்பிடிக்கின்றன. ஆனால் அவற்றின் மேல் வீடு நிற்கவில்லை. ஆண்டுதோறும் புரட்டாசியில் மொட்டைமாடியைப் பெருக்கி, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றுகளை வேரோடு பிடுங்கி, தட்டோட்டுச் சந்துகளில் விரலை ஓட்டிப் பார்த்து, விட்டுப்போன இடத்தில் காரை அடைத்து, முற்றத்து மூலையிலுள்ள தண்ணீர்போகும் துளையை ஒட்டடைக் கம்பால் குத்திவிட்டால் அந்த ஆண்டு வேலை முடிந்தது. இரண்டு ஆள் கூலி, இரண்டு நாள். சித்தி கட்டும் மாதப் பராமரிப்புத் தொகையில் நான்கு மாதத்துக் கட்டணம் கூட ஆகாது. சிறு சிறு செலவாக ஆண்டுதோறும் கொடுப்பதா, இருபத்தைந்து ஆண்டுகள் கூரைக்கு ஒன்றும் கொடுக்காமல் இருந்துவிட்டு, முதுமையில், பதினோரு பேரின் சம்மதத்தோடு மொத்தமாகக் கொடுப்பதா என்பதே எங்கள் முன் இருந்த கேள்வி. கான்கிரீட்டை ஒழுங்காகக் கட்டி, கம்பிக்கு மேல் போதிய கனம் விட்டால் இந்த ஆயுள் நீளும் என்பதையும் சொல்ல வேண்டும். கட்டி முடித்த சுவரைப் பார்த்து அதைத் தெரிந்துகொள்ள வாங்குபவனுக்கு வழியில்லை என்பதுதான் சங்கடம்.

மூன்றாவது வழியாகிய புதுப்பாணி முற்றத்தை இவ்வளவு எளிதாகத் தள்ள முடியவில்லை. பெயர்பெற்ற கட்டடக்கலைஞர்கள் கட்டிய அதன் முன்னோடிகள் மதிப்புக்குரியவை. டாடாவோ ஆண்டோ 1976ஆம் ஆண்டு ஒசாகாவில், வரிசையாக நின்ற மர வீடுகளுக்கு நடுவே ஒன்றை எடுத்துவிட்டுக் கட்டிய அசுமா வீடு மூன்று சம பாகமாகப் பிரிந்து, நடுப் பாகம் முழுவதும் வானத்துக்குத் திறந்து கிடக்கிறது; மழை நாளில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் குடை பிடித்துத்தான் போக வேண்டும். அதைப் பற்றி வியந்து பேசும் கட்டடக்கலைஞர்களைக் கேட்டபோது, எங்கள் பாட்டி ஐம்பது ஆண்டுகள் முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கூடத்திலிருந்து சமையற்கட்டுக்கு ஓடியதுதான் நினைவுக்கு வந்தது. சார்லஸ் கொரியா 1980களில் நவி மும்பை பேலாப்பூரில் சிறு சிறு முற்றங்களைச் சுற்றி அமைத்த வீடுகளில் ஒரு வீட்டுச் சுவரை இன்னொரு வீடு பகிரவில்லை. யாரும் யாரையும் கேட்காமல் தன் வீட்டை மாற்றிக்கொள்ளட்டும் என்று அவர் அப்படிச் செய்தார். மாற்றிக்கொண்டார்கள், பல வீடுகள் அடையாளம் தெரியாமல் மாடிகளாகிவிட்டன. பெய்ஜிங்கில் வூ லியாங்யோங் ஜூஎர் சந்தில் கட்டிய குடியிருப்பு, பழைய சதுர முற்றத்து வீட்டை இரண்டு மூன்று மாடிகளுக்கு உயர்த்தி, முற்றத்தைப் பலருக்கும் பொதுவாக்கியது. எங்களிடம் வந்த பில்டர் வரைபடத்தில் அப்படி ஒரு பொது முற்றம் இருந்திருந்தால் ஒருவேளை கையெழுத்துப் போட்டிருப்போம். அவருடைய தரைத்தளம் முழுவதும் கார்களுக்கே போதவில்லை.

ஆனால் எங்களுக்கு வரைந்து காட்டப்பட்ட புது முற்றம் எட்டுக்குப் பத்து அடி. மேலே கம்பி வலை, அதன் மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு. மழையும் விழாது, சூடான காற்றும் வெளியேறாது. வேளச்சேரியில் நண்பர் ஒருவர் இதே மாதிரி கட்டி, மூன்றாம் கோடையில் அந்த முற்றத்தின் அடியில் ஏ.சி. பொருத்தினார். கூரையும் கான்கிரீட்டுதான், ஆகவே சித்தி வீட்டுக் கணக்கு இதற்கும் பொருந்தும், பதினோரு பேர் சம்மதம் மட்டும் தேவைப்படாது. ஆவடி, அம்பத்தூர் பக்கம், உப்புக் காற்று எட்டாத இடத்தில் காலி மனை இருந்திருந்தால், முற்றத்தைத் திறந்தே விடும் நிபந்தனையோடு நானும் இதைத்தான் கட்டியிருப்பேன்.

இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்தில் கட்டிய முற்றத்து வீட்டின் கதையும் என் முடிவை அசைத்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் அந்த மனை கைமாறியபோது, வீட்டைக் கல் கல்லாக, தூண் தூணாக எண் போட்டுப் பிரித்து, பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்காவில் மீண்டும் நிறுத்தினார்கள். முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ராவில் நாம் பார்க்கும் செட்டிநாட்டு வீடும் அப்படிப் பெயர்த்து வந்ததுதான். புதுப்பாணி வீடாக இருந்தும் பாவாவின் வீடு பிரிக்கத் தக்கதாக இருந்ததற்குக் காரணம், அது ஓடும் மரமும் கல்லுமாக இருந்ததே. ஒன்றாக வார்த்த கான்கிரீட்டில் முற்றம் வைத்தாலும் வைக்காவிட்டாலும், அதைப் பிரிக்க முடியாது.

எங்கள் தேர்வின் குறைகளையும் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடவே எட்டு மாதம் ஆயிற்று. முதலில் வந்தவர் சிமென்ட்டைப் பூசிவிட்டுப் போனார். அடுத்த மழையில் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் ஓதம் காத்து, பூச்சு முழுவதும் பாளமாகக் கழன்றது. வெல்லத் தண்ணீர் ஊறிய டிரம்மைச் சுற்றி மூன்று நாள் எறும்பு ஊர்வலம். திறந்த முற்றத்தில் கொசு உண்டு, பூனை உண்டு. முற்றத்தின் விளிம்பில் இறங்கும்போது அம்மா இரண்டு முறை தடுக்கி, ஒரு முறை மணிக்கட்டை முறித்துக்கொண்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் நின்ற தண்ணீர் முற்றத்துக்குள் திரும்பி ஏறி, இரண்டாம் படியைத் தொட்டது. விடிய விடிய வாளியால் இறைத்தோம். ஃபிளாட்டின் மூன்றாவது மாடியில் இருந்திருந்தால் அன்று தூங்கியிருப்போம். மேலும், வேலை முடித்த பின் நாங்கள் பார்த்தது நான்கு மழைக்காலங்கள் மட்டுமே; போல்ட் போட்டு ஒட்டிய தேக்கு இருபது ஆண்டு தாங்குமா என்பதற்கு மேஸ்திரியின் சொல்லைத் தவிர என்னிடம் ஆதாரம் இல்லை.

பெங்களூரில் இருக்கும் தம்பி ஆரம்பத்திலிருந்தே பில்டர் பக்கம். “நீ இருக்கிற வரைக்கும் நீ பாத்துக்குவ, அப்புறம் யாரு பாப்பாங்க அண்ணா?” என்று கேட்டான். கியோட்டோவில் 2009 வாக்கில் 47,000க்கும் மேல் இருந்த மச்சியாக்கள் 2016இல் சுமார் 40,000ஆகக் குறைந்திருந்தன. அதாவது நாள் ஒன்றுக்கு இரண்டு வீட்டுக்கும் மேல். எவ்வளவு அழகாக ஒட்டுப்போட முடிந்தாலும், ஒட்டுப்போட ஒரு வாரிசும் ஒரு தச்சரும் இல்லையென்றால் வீடு போய்விடும் என்பதை அந்த எண் சொல்கிறது. மராக்கேஷில் விருந்தினர் விடுதியானதால் ரியாத்கள் பிழைத்தன. சிங்கப்பூரில் 1989ஆம் ஆண்டு சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் ஆகிய பகுதிகளைத் தெருத் தெருவாகப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்தார்கள். வாடகை பழுதுச் செலவுக்கு ஈடுகொடுத்தது. எங்கள் தெருவில் வாடகை வரும் ஒரே கட்டடம், எதிரிலுள்ள பேச்சிலர் மேன்ஷன்தான்.

தெருவாகப் பாதுகாப்பதற்கும் ஒற்றை வீடாகப் பாதுகாப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. நாங்கள் ஒப்புக்கொள்ளாததால் பக்கத்து வீட்டுக்காரர் தன் 18 அடி மனையை மட்டும் தனியாகக் கட்டக் கொடுத்தார். சென்ற தை மாதம் அவர் வீட்டை இடித்தார்கள். நூறு ஆண்டுகளாக இரண்டு கூரைகளுக்கு நடுவில் மழை படாமல் இருந்த பொதுச் சுவர் இப்போது வெளிச்சுவர் ஆகிவிட்டது. அவருடைய கட்டைகள் செருகியிருந்த பொந்துகள் வரிசையாக, புறாக்கூண்டுபோல் திறந்து கிடந்தன; அவற்றின் வழியாக எங்கள் கட்டைகளின் முனைகள் மறுபக்கத்திலிருந்து தெரிந்தன. மேஸ்திரி ஒவ்வொரு பொந்தையும் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடைத்து, முதல் இரண்டு கை பூச்சை முடித்துவிட்டார். மூன்றாவது கை பூச, முன்னது காய வேண்டும். புது வீட்டுக்காக அந்தப் பக்கம் தோண்டிய குழி எங்கள் அஸ்திவாரத்தைவிட ஆழமாக இருக்கிறது என்று சொல்லி, பில்டரின் பொறியாளரிடம் அவர் தினமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். ஐப்பசி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சுவரின் மேல் நீலத் தார்ப்பாயைக் கட்டி வைத்திருக்கிறோம்.